அது வரிசை தாண்டுவது இல்லைங்க

ஒரு அம்மா வரிசை தாண்டினார் என்று எல்லோரும் திட்டுகிற அந்த ரோலர் கோஸ்டர் க்யூ வீடியோவை இனிமேல் யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன். ஸ்கூல் குரூப்பில் ஒருமுறை, அபார்ட்மென்ட் குரூப்பில் ஒருமுறை, சொந்தக்காரர்கள் குரூப்பில் "இதுக்கு உங்க பதில் என்ன மேடம்" என்று என் பெயரையே போட்டு ஒருமுறை. நேற்று இரண்டு வரியில் பதில் எழுதினேன். அதற்குக் கீழே வந்து விழுந்த கமெண்டுகளைப் பார்த்த பிறகு இரண்டு வரி போதாது என்று தெரிந்துவிட்டது.

வீடியோவில் என்ன நடக்கிறது என்பதை முதலில் ஒழுங்காகப் பாருங்கள். அந்த நீலச் சுடிதார் அம்மா எங்கிருந்தோ வந்து நடுவில் புகவில்லை. ஏற்கெனவே நின்றிருந்தவர். வீட்டுக்காரர் அங்கேயே நிற்கிறார், பெரிய பையனும் அங்கேயே நிற்கிறான். சின்னதைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்விட்டுத் தன் இடத்துக்குத் திரும்பி வருகிறார். நாலு பேர் நின்றார்கள், நாலு பேர்தான் ஏறப் போகிறார்கள். பின்னால் நின்ற யாருக்கும் ஒரு நிமிடம்கூட நஷ்டம் இல்லை. அதற்குத்தான் அவ்வளவு கூச்சல். "குழந்தையை வெச்சு சீன் போடுது" என்று ஒரு குரல் வருகிறதே, அது படம் பிடித்தவருடைய குரல். அதனால் முகம் தெரியவில்லை. அவர் அதிர்ஷ்டம்.

அது வரிசை தாண்டுவது இல்லைங்க. ஒருத்தர் நின்று இடம் பிடித்து வைத்திருக்க, கடைசி நிமிடத்தில் கம்பிக்கு அடியில் குனிந்து மச்சான், மாமா, பக்கத்து வீட்டுப் பையன் என்று எட்டுப் பேர் வந்து சேர்வது இருக்கிறதே, அது தாண்டுவது. அதற்கு நானே சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். ஒரு குழந்தைக்கு ஒன்னுக்கு வந்ததும் அதுவும் ஒன்றா?

"முன்னாடியே கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். குழந்தை வளர்த்த யாரும் இப்படி எழுத மாட்டார்கள். கிளம்பும்போது கேட்டால் "வரல" என்பதும், க்யூவில் பாதி தூரம் போனதும் "அம்மா, அவசரம்" என்பதும் அந்த வயதின் இயல்பு. இரண்டு பக்கமும் இடுப்பளவு ஸ்டீல் கம்பி, மேலே தகரக் கூரை, முன்னால் ஒருவர் முதுகு, பின்னால் ஒருவர் வயிறு. இதற்கு நடுவில் நாலு வயசுக் குழந்தை விஜிபி சிலை மனிதர் மாதிரி அசையாமல் நிற்க வேண்டுமாம். சின்ன வயதில் அவரைச் சிரிக்க வைக்க நான் செய்யாத சேட்டை இல்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள் ஐயா. என் பிள்ளைக்கு நான்தான் டிக்கெட் எடுத்தேன்.

டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை நிபுணர், க்யூவில் காத்திருப்பது மனதுக்கு எப்படித் தெரிகிறது என்று 1985-லேயே எழுதினார். சும்மா நிற்கும் நேரம், வேலையோடு நிற்கும் நேரத்தைவிட நீளமாகத் தெரியும். எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பதும், காரணம் சொல்லாமல் நிற்க வைப்பதும், நியாயமில்லாமல் நிற்பதும் இன்னும் நீளமாகத் தெரியும். இது பெரியவர்களுக்கே. மணிக்கணக்கு புரியாத குழந்தைக்கு எப்படி இருக்கும் என்று பாருங்கள். நம் பார்க்குகள் பலவற்றில் "இங்கிருந்து 45 நிமிடம்" என்று ஒரு பலகைகூடக் கிடையாது. கம்பி மட்டும் இருக்கிறது, வளைந்து வளைந்து.

சரி, என் கதைக்கு வருகிறேன். பார்க் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். போன லீவில் போனோம். பெரியவன் நாலாம் வகுப்பு, சின்னவள் யூகேஜி. உள்ளே நுழையும்போதே கவுண்டரில் சின்னவளை அளவுகோலில் நிறுத்தி அளந்து, சைல்டு டிக்கெட் போட்டார்கள். நியாயம்தான். அப்புறம் குடும்பத்தோடு ஏறலாம் என்று போட்டிருந்த ஒரு குட்டி கோஸ்டர் க்யூவில் போய் நின்றோம். வெயில். தண்ணீர் பாட்டில் காலி. "ஐ ஸ்பை" விளையாடி, விரல் எண்ணி, கதை சொல்லி, கதையில் வந்த யானைக்கே கதை தீர்ந்துபோய், ஒரு வழியாக ஏறும் மேடைக்கு வந்துவிட்டோம்.

அங்கே, ஏறும் கதவுக்குப் பக்கத்தில், ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட, உயரம் அளக்கும் ஒரு பலகை. 110 செ.மீ. என்று எழுதிய இடத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. "பாப்பா, ஷூவைக் கழட்டுங்க" என்றார் அந்தத் தம்பி. கவுண்டரில் ஷூவோடுதான் அளந்தார்கள். கழற்றினாள். உச்சிக் குடுமியை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார். இவள் குதிகாலைத் தூக்கினாள். அவர் கீழே பார்த்துச் சிரித்துவிட்டு, "அக்கா, ஒரு விரக்கடை பத்தல" என்றார்.

அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உயரக் கட்டுப்பாடு விளையாட்டு இல்லை. பிடித்து வைக்கும் கம்பியும் பெல்ட்டும் இன்ன அளவு உடம்புக்கு என்று செய்தவை. சின்ன உடம்பு அதில் நழுவும். ஒரு விரக்கடை என்றாலும் விடக் கூடாது, விட்டிருந்தால் நானே புகார் கொடுத்திருப்பேன். என் கேள்வி வேறு. அந்தப் பலகை ஏன் க்யூவின் வாலில் இல்லை? நுழையும்போதே அளந்தீர்களே, அந்த அளவை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஹெர்ஷிபார்க் என்று ஒரு பார்க் இருக்கிறது, ஹெர்ஷி சாக்லேட் கம்பெனியை ஆரம்பித்தவர் தொடங்கியது. அங்கே உயரத்துக்கு ஒரு மிட்டாய்ப் பெயர் வைத்து, அளந்து, அந்த நிறத்தில் கைப்பட்டை கட்டிவிடுகிறார்கள். உன் மிட்டாய் எந்த ரைடில் போட்டிருக்கிறதோ அதில் ஏறலாம். குழந்தையே பார்த்துத் தெரிந்துகொள்ளும். ஒரு நிறக் காகிதப் பட்டைக்கு எவ்வளவு செலவாகிவிடும்?

ஆனால் அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியிலேயே, அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு, எதிர்த்திசையில் வெளியே போனது நான். "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லிச் சொல்லி. அப்போது ஒருவர் "ஏன்மா இவ்ளோ சின்னதைக் கூட்டிட்டு வர்றீங்க" என்றார். அவர் மேல்கூட இப்போது கோபம் வரவில்லை. அவருக்கும் வெயில், அவருக்கும் பாட்டில் காலி. க்யூவில் நிற்பவர்களை ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிட்டு, ஏசி அறைக்குள் இருப்பவர்கள் ஜாலியாக இருக்கிறார்கள். வீடியோவில் அந்த அம்மாவைத் திட்டியவர்களும் அந்த அம்மாவும் சேர்ந்து திட்டியிருக்க வேண்டிய ஆள் ஃபிரேமிலேயே இல்லை.

குழந்தையோடு வெளியே போய் வந்தால் திரும்பி நிற்க ஒரு டோக்கன் கொடுக்கலாம். ஆஸ்பத்திரி ஓபியில் கொடுக்கிறார்கள், பேங்கில் கொடுக்கிறார்கள். திருப்பதியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வரும் கூட்டத்துக்கு முன்னால் நம் தீம் பார்க் கூட்டமெல்லாம் எந்த மூலைக்கு? வைகுண்டம் காம்ப்ளெக்ஸில் உட்கார வைக்கிறார்கள், உள்ளேயே கழிப்பறை இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பால் வருகிறது. ஒரு வயதுக்குள் கைக்குழந்தை இருந்தால் பெற்றோரைச் சுபதம் என்ற நுழைவு வழியாகத் தனியாக விடுகிறார்கள். அங்கேயும் தள்ளுமுள்ளு உண்டு, புலம்பல் உண்டு. ஆனால் குழந்தை என்று ஒன்று வரும், அதற்கு ஒரு வழி வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். ஜாலிக்காக என்றே கட்டிய இடத்தில் அந்த யோசனை இல்லை.

அடுத்து, "ஃபாஸ்ட் பாஸ் வாங்க வேண்டியதுதானே" கோஷ்டி. நீண்ட க்யூவில் நிற்காமல் ஏறுவதற்கான சீட்டுதான் அது. இவர்களுக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல நினைத்தேன், முடியுமா தெரியவில்லை. அமெரிக்க டிஸ்னி பார்க்குகளில் ஃபாஸ்ட்பாஸ் 1999-ல் வந்தபோது இலவசம். நேரம் போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு சுற்றிவிட்டு, அந்த நேரத்துக்கு வந்தால் போதும். 2021-ல் அதை எடுத்துவிட்டுக் காசுக்கு விற்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். நம் ஊருக்கு வந்துசேர்ந்தது காசு வாங்கும் பகுதி மட்டும். நாலு பேர் குடும்பம் உள்ளே போவதற்கே மாதச் சம்பளத்தில் ஒரு ஓட்டை விழுகிறது. அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று பாஸ் வேறு.

அப்புறம் ஒன்று கவனித்தீர்களா? பாஸ் வைத்திருப்பவர் பக்கத்துப் பாதையில் விறுவிறுவென்று நடந்து, நம் எல்லோரையும் தாண்டிப் போய் முதலில் ஏறுகிறார். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு ரவுண்டிலும். உண்மையிலேயே நம் நேரத்தை எடுத்துக்கொள்வது அவர்தான். அவரை யாராவது வீடியோ எடுத்தார்களா? "சீன் போடுது" என்றார்களா? காசு கொடுத்துத் தாண்டினால் வசதி, பிள்ளைக்கு அவசரம் என்று போய் வந்தால் ஒழுக்கக்கேடு. அருமை.

"நாங்களும்தானே நின்னோம், தனியா வந்தா எங்க நேரத்துக்கு மதிப்பு இல்லையா" என்று கல்யாணமாகாத ஒரு தம்பி கேட்டிருந்தார். மரியாதையாகக் கேட்டிருந்தார். மதிப்பு உண்டு தம்பி. வெளிநாட்டில் பல இடங்களில் தனியாக வருபவர்களுக்குத் தனி க்யூ இருக்கிறது, மிச்சமாகும் ஒற்றை சீட்டில் உட்கார வைப்பார்கள், சீக்கிரம் ஏறிவிடலாம். அதையும் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

"எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்ல" என்று எழுதிய பெரியவர்களுக்கு: உங்கள் காலத்தில் பொருட்காட்சி ராட்டினம்தான் இருந்தது, பெரியம்மா. அதிலும் சித்தி, அத்தை, பாட்டி என்று ஆளுக்கொரு பிள்ளையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தது.

இன்னொன்று. சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். என் நாத்தனார் வழியில் ஒருவர், "ரைடு ஏறணும்னு ஆசை அம்மாவுக்கா, குழந்தைக்கா?" என்று கேட்டு ஒரு சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார். அதற்கு நாற்பது லைக். அதில் பாதி எனக்குத் தெரிந்தவர்கள்.

ஆமாங்க, எனக்குத்தான் ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் எந்த ராட்டினமும் விட்டதில்லை. தலைகீழாகச் சுற்றும் எதுவாக இருந்தாலும் முதல் வரிசை சீட்டுக்கு ஓடுகிறவள் நான். பிள்ளைகள் பிறந்த பிறகு ஒவ்வொரு பார்க்கிலும் என் இடம் ஒரு சிமெண்ட் பெஞ்சு. மடியில் சின்னவள், பக்கத்தில் நாலு ஜோடி செருப்பு, மூன்று மொபைல், ஈரத்துண்டு, ஸ்நாக்ஸ் பை. "நீ இவளைப் பாத்துக்கோ, நானும் பையனும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்." வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. திரும்பி வந்ததும் "நீ போறியா" என்று கேட்கவும் செய்வார். போவதென்றால் மறுபடி க்யூவின் வாலிலிருந்து தனியாக நிற்க வேண்டும். அதற்குள் சாப்பாட்டு நேரம், தூக்க நேரம், மழை. "பரவாயில்ல, அடுத்த தடவை" என்று சொல்லியே பழகிவிட்டது. அந்தப் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் யார் என்று எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

இதற்கும் வழி இருக்கிறது. டிஸ்னி, யுனிவர்சல் பார்க்குகளில் குடும்பத்தில் ஒருவர் குழந்தையோடு காத்திருப்பார், மற்றவர் ஏறி இறங்குவார், பிறகு ஆள் மாறிக்கொள்ளலாம். இரண்டாவது ஆள் மறுபடி முழு க்யூவும் நிற்க வேண்டியதில்லை. யுனிவர்சலில் அதற்கு ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே அறைகூட வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. போன லீவில் நாங்கள் போன பார்க்கில் இதைக் கேட்டுப் பார்த்தேன். "அப்படி எதுவும் இல்ல மேடம், வேணும்னா பாஸ் எடுத்துக்கோங்க." எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள்.

குழந்தை வைத்திருப்பவர்களுக்குச் சலுகை கேட்கிறேன் என்று இதையும் திரிப்பீர்கள். திரியுங்கள். நான் முன்னால் விடச் சொல்லவில்லை. நின்ற இடம் நின்ற இடமாக இருக்கட்டும், அளப்பதை முதலிலேயே அளங்கள், அம்மாவையும் ஒரு டிக்கெட் எடுத்த ஆளாக மதியுங்கள் என்கிறேன். "அப்படின்னா வீட்டிலேயே இருங்க" என்று எழுத வருபவர்கள் சிரமப்பட வேண்டாம், பிளாக் பட்டன் தயாராக இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கும் அதே பட்டன்தான்.

இதையெல்லாம் அந்த பார்க்குக்கு மெயிலாகவும் அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது: தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, மீண்டும் வருக. கூடவே ஃபாஸ்ட் பாஸ் வாங்கத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று. யாருக்காவது வேண்டுமென்றால் இன்பாக்ஸில் வாருங்கள்.