சித்தியின் சீட்டுப் பணமும் நொறுங்குண்ட இருதயமும்

மூன்று நாளாக என் டைம்லைன் முழுக்க அந்த வீடியோதான். கன்வென்ஷன் என்கிற ஜெபக்கூட்டங்களின் கடைசி நாள் ராத்திரி, மேடையில் முழங்கால் போட்டு அழுகிற அண்ணன், அவரைக் கட்டிப்பிடிக்கிற பிரசங்கியார், கீழே 'நொறுங்குண்ட இருதயம்' என்று பெரிய எழுத்து. யாரென்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெயர் வேண்டாம்.

நான் அதன் கீழே ஒரே ஒரு வரி கேட்டேன். "அண்ணன் சீட்டுப் பணத்தை எப்போது திருப்பித் தருவார்?" அதற்கு வந்த பதில்களைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. பரிசேயன், அதாவது வெளிவேஷக்காரன் என்றார்கள். எழுப்புதலை, சபையில் பக்தி புதிதாய்ப் பற்றி எரிவதை, கெடுக்க வந்தவன் என்றார்கள். ஒருவர், "உங்க அப்பா மட்டும் யோக்கியமா, தன் கூடப்பிறந்த அண்ணன் வயலில் வரப்பைத் தள்ளிப் போட்டவர்தானே" என்று எழுதினார். அதற்கும் வருகிறேன்.

அவர் அழுதது நடிப்பு என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அவர் இருதயம் ஆண்டவருக்குத் தெரியும். நான் கேட்டது பணத்தை. அண்ணனிடம் சீட்டுப் போட்டு ஏமாந்தவர்கள் 17 பெண்கள், எல்லோரும் நம் சபைதான். என் சித்திக்கு மட்டும் 1,40,000 ரூபாய் வர வேண்டும். பீடி சுற்றிச் சேர்த்த காசு. மேடையில் அண்ணன் 20 நிமிஷம் பேசினார். குடியைச் சொன்னார், கோபத்தைச் சொன்னார், ஜெபக்குறைவைச் சொன்னார். சீட்டு என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. சித்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் எனக்கு சங்கீதம் 51 அனுப்புகிறீர்கள். "தேவனுக்கேற்கும் பலிகள் நொறுங்குண்ட ஆவிதான்." சரி, அந்தச் சங்கீதத்தின் தலைப்பையும் சேர்த்து வாசியுங்கள். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் கொல்லவைத்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்த பிறகு, தாவீது பாடியது அது. நாத்தான் என்ன சொன்னார்? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னார். அது தன்னைப் பற்றியது என்று தெரியாமலே தாவீது தீர்ப்புச் சொன்னான்: நாலத்தனை, அதாவது நாலு மடங்கு, திரும்பச் செலுத்த வேண்டும். யாத்திராகமம் 22இல் ஆடு திருடினவனுக்கு உள்ள சட்டமும் அதுதான். பல நூறு வருஷம் கழித்து, வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு இயேசுவின் முன் எழுந்து நின்று சொன்னதும் அதே நாலத்தனைதான். தாவீதால் உரியாவின் உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் அந்தச் சங்கீதம் அப்படிக் கதறுகிறது என்று நான் நினைக்கிறேன். நம் அண்ணனுக்குத் திருப்பிக் கொடுக்க வழி இருக்கிறதே!

லேவியராகமம் 6ஐ யாரும் கன்வென்ஷனில் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. பிறனை ஏமாற்றி எடுத்தவன் முதலையும் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் உரியவன் கையில் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பாவத்துக்குப் பலியாக ஆட்டுக்கடாவை ஆசாரியனிடம் கொண்டுவருவதைச் சொல்லியிருக்கிறது. நாம் ஆட்டுக்கடாவை மட்டும் மேடையேற்றிவிட்டு அல்லேலூயா சொல்கிறோம்.

'எழுப்புதல்' என்று எழுதினவர்களுக்கு ஒன்று. கொரியாவில் பியாங்யாங் நகரத்தில் 1907 ஜனவரியில் நடந்த எழுப்புதலை நம் ஊழியர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதில் கில் சுன்ஜூ என்ற மூப்பர் சபைக்கு முன் எழுந்து நின்றார். சாகப்போகிற நண்பன், மனைவிக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒப்படைத்ததில் தான் பணம் எடுத்துக்கொண்டதாக அறிக்கையிட்டார். அந்த விதவைக்குப் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார். அங்கே என்ன பாவம், யாருக்கு விரோதமான பாவம் என்று சபைக்கே தெரிந்தது.

இப்போது என் அப்பா. ஆமாம், வரப்பைத் தள்ளிப் போட்டார். பெரியப்பா வயலில் ஒரு முழம். அப்பா வளர்ந்தது பழைய ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில். அதில் லெந்து என்கிற தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று வாசிக்கும் சாபங்களில் ஒன்று, பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவனுக்கு உரியது. சபையார் ஆமென் சொல்ல வேண்டும். அந்த வருஷம் அப்பா ஆமென் சொல்லாமல் நின்றதை அம்மா கவனித்திருக்கிறாள். லெந்து நாட்களில் அவர் திருவிருந்துக்கும் போகவில்லை. ஒருநாள் விடிகாலை மண்வெட்டியோடு பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றார். "ஒரு முழந்தானடே, கிடக்கட்டும்" என்று பெரியப்பா சொன்னாராம். அப்பா கேட்கவில்லை. கயிறு பிடித்து, பழைய இடத்தில் வரப்பைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவும் ஒரு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார். அப்பா இதைச் சாட்சியாகச் சொன்னதே இல்லை. கமென்ட் போட்ட சகோதரருக்கு முதல் பாதி மட்டும் தெரிந்திருக்கிறது.

"சிலுவையில் தொங்கின கள்ளன் யாருக்கு என்ன திருப்பிக் கொடுத்தான்?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவன் கைகளில் ஆணி அடித்திருந்தது தம்பி. அண்ணனின் கைகள் சும்மாதான் இருக்கின்றன, போன மாதம்தான் அந்தக் கைகள் புதுக் காரை ஓட்டின. "கிருபையினாலே இரட்சிப்பு, பணத்தாலே அல்ல" என்கிறீர்கள். நானும் அதைத்தான் விசுவாசிக்கிறேன். சகேயு பணத்தை எண்ணி வைத்த பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் இயேசு போனார். போனதும் அவனால் அந்தப் பணத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

"அவரிடம் இப்போது இல்லையே" என்று கேட்டவர்களிடம் எனக்குக் கோபமில்லை, அது நியாயமான கேள்வி. இல்லையென்றால் சித்தி வீட்டுக்கு வந்து, "இல்லை மதினி, மாதம் 500 தருகிறேன்" என்று சொல்லட்டும். அவள் அதற்கே அழுதுவிடுவாள். இந்த இரண்டு வருஷத்தில் அவர் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை. சபையின் பெயர் கெட்டுவிடும் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பெயருக்காகத்தான் சவுல் ராஜாவும் பயந்தான். "பாவஞ்செய்தேன்" என்று சாமுவேல் தீர்க்கதரிசியிடம் சொன்ன அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான்.

இதையெல்லாம் விட என்னை வருத்துவது வேறு. கூட்டம் முடிந்ததும் இரண்டு அம்மாக்கள் சித்தியிடம் வந்து, "அவர் மனந்திரும்பிட்டார், நீதான் இன்னும் கசப்பை வெச்சிருக்க" என்றார்களாம். பணமும் போய், இப்போது பாவமும் அவள் தலையில். மன்னிக்கச் சொல்லி அவளிடம் கேட்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார், அவர் இன்னும் கேட்கவில்லை. ஊர் முழுக்க அவளிடம் கேட்கிறது.

கன்வென்ஷன் முடிந்த மறுநாள் ஞாயிறு, ஆராதனையில் திருவிருந்து. அண்ணன் வெள்ளைச் சட்டையில் முதல் ஆளாகப் போய் முழங்கால் போட்டார். எங்கள் வரிசை எழுந்தபோது சித்தி எழவில்லை. ஏன் என்று குனிந்து கேட்டேன். "மனசுல கசப்பு இருக்குடா, எப்படி வாங்குவேன்" என்றாள். நானும் போகவில்லை. எல்லோரும் போய்த் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தோம்.