கெண்டைக்கால் பிடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரையா?

"இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறதா? உடம்பில் மெக்னீசியம் இல்லை. தினமும் ஒரு மாத்திரை போதும், பக்கவிளைவே கிடையாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது சரியல்ல.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2020-ல் 11 ஆய்வுகளை அலசியது. வயதானவர்களுக்கு வரும் கால்பிடிப்பை மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவு குறைக்க வாய்ப்பில்லை என்பதே முடிவு. அதன் சுருக்கம் காக்ரேன் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பக்கவிளைவு இல்லை என்பதுதான் இதில் ஆபத்தான வரி. வயிற்றுப்போக்கு சாதாரணமாக வரும். மலச்சிக்கலுக்கே மெக்னீசியம் கொடுப்பதுண்டே! கூடுதல் மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதானவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் ஏறி, ரத்த அழுத்தம் தாழ்ந்து, இதயத்துடிப்பே தடுமாறலாம். தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் அந்த மாத்திரை உடலில் சரியாகச் சேராது. மாத்திரையாக எடுப்பதற்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தளம் சொல்லும் உச்சவரம்பு, பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 350 மில்லிகிராம்.

மெக்னீசியக் குறைபாடே பொய் என்று சொல்ல வரவில்லை. நீண்டகாலச் சர்க்கரை நோய், வருடக்கணக்கில் ஒமிப்ரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை), சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள், குடிப்பழக்கம் இருந்தால் குறையலாம். சந்தேகமிருந்தால் மருத்துவரிடம் கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மற்றபடி கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, பூசணி விதையில் அது தாராளமாக உண்டு.

பிடிக்கும்போது காலை நீட்டி, பாதத்தை முகத்தை நோக்கி மடக்கிப் பாருங்கள், விட்டுவிடும். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள். அனுப்பியவர் உங்கள் பெரியம்மாவாக இருந்தால் இதைப் பதிலாக அனுப்புங்கள்.