பெர்மாகல்ச்சர் படிக்கப் பகுதிநேர வகுப்பே நல்லது

பெர்மாகல்ச்சர் என்பது இயற்கையின் போக்கோடு ஒத்துப்போகும்படி நிலத்தை வடிவமைக்கும் முறை. அதன் வடிவமைப்புச் சான்றிதழ் படிப்பு என்றால் எங்கே போனாலும் குறைந்தது 72 மணி நேரம் என்பதுதான் கணக்கு. அதைப் பெரும்பாலும் பண்ணையிலேயே தங்கவைத்து இரண்டு வாரத்தில் ஒரே மூச்சாக நடத்தி முடிக்கிறார்கள். நான் அதே பாடத்தை மாதம் ஒரு வாரக்கடைசி என்று ஆடியில் தொடங்கித் தையில் முடித்தேன். பள்ளிக்கூட வேலை, வீட்டில் வயதான மாமியார், மொத்தமாக லீவு போட வழியில்லை. அதனால்தான் பகுதிநேரத்தில் சேர்ந்தேன். இப்போது யார் கேட்டாலும், லீவு கிடைத்தாலும் பகுதிநேரத்திலேயே சேருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்த முறையை உருவாக்கிய இருவரில் ஒருவரான டேவிட் ஹோம்கிரன் வகுத்த 12 கோட்பாடுகளில் முதலாவதே, நிலத்தை நன்றாகக் கவனித்துவிட்டு அப்புறம் கைவை என்பதுதான். இரண்டு வாரத்தில் என்னத்தைக் கவனிப்பது? அதுவும் வேறொருவர் பண்ணையில்?

எங்களுடையது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண். முதல் வகுப்பில் வெயில், காற்று, தண்ணீர் மூன்றும் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகின்றன என்று வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். ஆடி மாதம், மேல்காற்று வாரி அடித்தது, மேற்கே ஒரு பெரிய அம்புக்குறி போட்டேன். ஐப்பசி பிறந்ததும் வாடை திரும்பி, வடகிழக்கிலும் ஒரு அம்புக்குறி ஏறியது. நிழலும் அப்படித்தான். பில் மொல்லிசனும் ஹோம்கிரனும் 1970களில் இந்த முறையை உருவாக்கிய ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடுப்பகல் சூரியன் ஆண்டு முழுக்க வடக்கேதான் இருக்கும். ஐரோப்பாவில் ஆண்டு முழுக்கத் தெற்கே. நமக்கு இரண்டும் உண்டு. ஆடியில் நம் வேம்பின் உச்சிவேளை நிழல் லேசாகத் தெற்கே சாயும். மார்கழியில் முப்பதடி மரத்தின் நிழல் ஏறக்குறைய இருபதடி வடக்கே நீளும். காய்கறிப் பாத்தியை மரத்துக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளிப் போடுவது என்பதே இதை வைத்துத்தான். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. வகுப்புக்கு வகுப்பு அதே மரத்தடியில் சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

புரட்டாசியில் மட்டக்கோடு, அதாவது நிலத்தில் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு ஆறடிக் கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு கொடுத்து, உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட வேண்டும். தரையில் இரண்டு முளை அடித்து அதன்மேல் நிறுத்தி, குறுக்குக் கம்பில் நூல் தொடும் இடத்தைக் குறிக்கிறோம். அப்படியே கால் மாற்றி நிறுத்தி இன்னொரு குறி. இரண்டு குறிக்கும் நடுமையத்தில் நூல் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். கடையில் எதுவும் வாங்க வேண்டாம். கொத்தனாரின் டியூப் மட்டம் இருந்தால் அதுவும் சரிதான். இந்தக் கம்பை வைத்து அடிமேல் அடியாக நடந்தபோதுதான், பார்வைக்குச் சமதரையாக இருந்த எங்கள் நிலம் தென்கிழக்கே இறங்குவது புரிந்தது.

ஒரு ஏக்கரில் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். அதை ஓடவிடாமல் மண்ணுக்குள் இறக்கத்தான் அந்தக் கோட்டில் வரிசையாகக் குழி வெட்டுகிறோம். வெட்டும்போது பக்கத்து நிலத்துப் பெரியவர் வந்து நின்று பார்த்தார். "எல்லாம் சரி தாயி, ரொம்பி வழியிறதுக்கு ஒரு கலிங்கு விட்டியா?" என்றார். அடுத்த வகுப்பில் பயிற்சியாளர் படம் போட்டு அரை மணி நேரம் விளக்கியதும் அதையேதான். கண்மாயோடு வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். இரண்டு வாரம் வெளியூர்ப் பண்ணையில் இருந்திருந்தால் இந்தப் பேச்சு எனக்குக் கிடைத்திருக்காது. ஐப்பசி மழையில் எந்தக் குழி முதலில் நிரம்பியது, எங்கே கரை கரைந்தது என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போனேன். கார்த்திகை வகுப்பு முழுக்க எங்கள் எல்லோருடைய நிலங்களைப் பற்றியே ஓடியது. அந்த ஒரு நாளுக்கே கட்டிய பணம் தகும்.

தங்கிப் படிப்பதில் நன்மையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த நட்பும், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை அதே பேச்சாக இருப்பதும் பகுதிநேரத்தில் வராது. நடுவில் நின்றுவிடுகிறவர்களும் இங்கே அதிகம். தீபாவளிக்குப் பிறகு எங்கள் குழுவே இளைத்துவிட்டது. ஆனால் கைக்குழந்தைக்காரிக்கும், மாடு கறக்கிறவருக்கும் பதினைந்து நாள் வீட்டை விட்டு வா என்றால் எப்படி வருவார்கள்? நிலத்தில் அன்றாடம் நிற்பவர்களே வர முடியாத படிப்பாக இது ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம்.

பில் மொல்லிசன் 1987இல் இந்தியா வந்து வகுப்பெடுத்தார். 2017இல் இதன் உலக மாநாடே ஹைதராபாத்தில் நடந்தது. இத்தனைக்குப் பிறகும் முழுப் பாடத்தையும் தமிழில், பக்கத்து ஊரில், கட்டுப்படியாகும் கட்டணத்தில் படிக்க முடிகிற இடம் அரிது. எங்கள் மாவட்டத்தில் வம்பனில் இருப்பதுபோல வேளாண் அறிவியல் நிலையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. வகுப்பறை இருக்கிறது, நிலமும் இருக்கிறது. அவர்கள் மாதம் ஒரு சனி, ஞாயிறு ஒதுக்கினால் எத்தனையோ பேர் வருவார்கள்.

சேர நினைப்பவர்கள் ஆனி, ஆடியில் தொடங்கும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள். தையில் தொடங்கி ஆனியில் முடியும் வகுப்பில் நம் பெருமழையைப் பார்க்கவே முடியாது. உங்கள் சொந்த நிலத்தையே, இல்லாவிட்டால் மொட்டை மாடியையாவது, வடிவமைக்க விடுவார்களா என்றும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.