இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிய நாள்

"அந்தக் காசுக்கு மருந்து வாங்கிக் கொடுத்திருக்கலாமே?"

போன முகூர்த்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த பெரியப்பா கேட்டார். கெட்ட மனசோடு கேட்கவில்லை. எங்கள் அண்ணன் மகனுக்கு, ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் இறங்கிப்போன ராத்திரியில், போன் பண்ணிய அரை மணி நேரத்தில் தன் மகனை ரத்தம் கொடுக்க அனுப்பி வைத்தவர் அவர். அவருக்கே இந்தக் கேள்வி இருக்கிறதென்றால் இன்னும் பலருக்கும் இருக்கும். ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ரத்தப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனுடைய அந்தப் பையனையும், அதே மாதிரி சிகிச்சையில் இருக்கும் இன்னும் சில பிள்ளைகளையும், ஒரு தன்னார்வக் குழு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனது. துணைக்கு நானும் போனேன். அந்தச் செலவைத்தான் பெரியப்பா கேட்டார்.

காஞ்சிபுரத்தில் இருந்து சென்னைக்கு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. ஹுண்டாய் தொழிற்சாலை இருக்கிற ஊர். எங்களுக்கு இரண்டு வருஷமாக அது ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி, அவ்வளவுதான். திரும்பி வரும்போது அவன் எங்கெங்கே வாந்தி எடுத்தான் என்பதை வைத்தே அந்தச் சாலை எனக்கு மனப்பாடம். ஒரு சனிக்கிழமை பஸ் நெரிசலில் நின்றபோது தூரத்தில் இழுத்து இழுத்து ஒரு சத்தம் கேட்டது. "அத்தை, அது என்ன?" என்றான். கண்டக்டர்தான் சொன்னார்: "ரேஸ் ஓட்றாங்க தம்பி." அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்வான். பெரும்பாலும் லாரி ஹாரன் தவிர ஒன்றும் கேட்காது. ஆனாலும் திறக்க வேண்டும்.

பெரியப்பா, மருந்து கிடைத்தது. காப்பீட்டு அட்டை கொஞ்சம் தாங்கியது, மீதியை அண்ணன் கடன் வாங்கிக் கட்டினான். கிடைக்காதது வேறு. ஏழு வயதில் நோய் வந்தது, இப்போது அவனுக்கு ஒன்பது. இந்த இரண்டு வருஷத்தில் அவனைப் பார்க்க வந்தவர்கள் எத்தனையோ பேர். அவன் பார்க்கப் போன இடம் ஒன்றுகூட இல்லை.

கண் இமையை இறக்கிப் பார்ப்பார்கள். வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். சார்ட்டைப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள் வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டு, அடுக்களைக்குப் போய் எங்கள் அண்ணியிடம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவனுக்கு அது கேட்கும். இந்த வகை ரத்தப் புற்றுக்குச் சிகிச்சை சாதாரணமாக இரண்டு, இரண்டரை வருஷம், சில பிள்ளைகளுக்கு மூன்று வருஷம்கூட ஓடும். அவ்வளவு காலமும் ஒரு பிள்ளை எல்லோரும் பார்க்கிற பொருளாகவே இருந்தால் என்ன ஆகும்? எங்கள் பையன் பேசுவதையே குறைத்துக்கொண்டான். என்ன பேசுவான்? அவனிடம் எல்லோரும் கேட்பது "எப்படிப்பா இருக்கே?" ஒன்றுதான்.

தர்மகாரியம் என்ற பெயரில் நடக்கிற எல்லாவற்றையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. அவனுக்காக நடந்த இன்னொரு விழாவையும் பார்த்தவள் நான். யார் நடத்தியது என்பது வேண்டாம். காலை பத்து மணிக்குப் பிள்ளைகளை ஒரு ஹாலில் வரிசையாக உட்கார வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே கால். கையில் கொடுத்த பொம்மைப் பெட்டியைப் போட்டோ எடுக்கும் வரை பிரிக்கக் கூடாது. அவன் அப்போது ஸ்டீராய்டு மாத்திரையில் இருந்தான். அந்த மாத்திரையின் பசி எப்படிப்பட்டது என்று அந்தத் தாய்மார்களுக்குத்தான் தெரியும், நடுராத்திரி மூன்று மணிக்கு இட்லி கேட்டு அழுவான். பசி தாங்காமல் அந்த அட்டைப் பெட்டியின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேலே பேனரில் பெரிய எழுத்தில் 'புற்றுநோய்'. வீட்டில் நாங்கள் "ரத்தத்துல கிருமி" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை. அன்றைக்கு அவனே படித்துக்கொண்டான்.

இருங்காட்டுக்கோட்டையில் பேனர் இல்லை.

அங்கே நடந்த வேலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலை. இரண்டு நாள் முன்பே எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்து, அணுக்கள் எத்தனை என்று கவுண்ட் பார்த்தார்கள். கிருமியோடு சண்டை போடுகிற நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு 500-க்குக் கீழே போயிருந்தால் கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. ஒரு பெண் பிள்ளைக்கு இறங்கியிருந்தது. அவளை "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று விட்டுவிடாமல், அடுத்த ரேஸ் எந்தத் தேதியில் என்று சொல்லி அவள் பெயரை எழுதிவைத்த பிறகுதான் வேன் கிளம்பியது. வேனில் ஒரு நர்ஸ், ஒரு தெர்மாமீட்டர். 100.4 டிகிரி காட்டினால் மறுபேச்சில்லை, நேரே ஆஸ்பத்திரி. கொதித்து ஆறிய தண்ணீர், ஹாட்பாக்ஸில் வீட்டு இட்லி. மெத்தோட்ரெக்ஸேட் என்ற புற்றுநோய் மருந்து சாப்பிடுகிற பிள்ளைகளின் தோல் வெயில் தாங்காது என்பதால் நிழலில் மட்டும் இடம்.

முக்கியமாகக் காது. சிஸ்பிளாட்டின் என்றொரு மருந்து, எலும்பிலும் ஈரலிலும் வருகிற கட்டிகளுக்குக் கொடுப்பார்கள். கட்டியைக் கரைக்கும், கூடவே காது கேட்கும் திறனையும் குறைக்கும். காய்ச்சலுக்குப் போடும் சில ஆன்டிபயாட்டிக் ஊசிகளும் அப்படித்தான். அந்தப் பிள்ளைகளை ரேஸ் சத்தத்தில் வெறும் காதோடு உட்கார வைப்பது பாவம். குழு ஒவ்வொரு பிள்ளையின் தலை அளவுக்கும் காதுக் கவசம் கொண்டுவந்திருந்தது. நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது, இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் தயவுசெய்து இந்த வேலையில் இறங்காதீர்கள். தெரிந்த டாக்டரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

டிராக்கைப் பற்றி: சென்னையின் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. முதலில் சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தினார்கள். இருங்காட்டுக்கோட்டை டிராக் 1990-ல் வந்தது, ஒரு சுற்று ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஓட்டிய தரை அது. எங்கள் பையனுக்கு இதெல்லாம் இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

ரேஸ் கார்களை நிறுத்தி டயர் மாற்றிச் சரிபார்க்கிற பிட்டுக்குள் கூட்டிப் போனார்கள். ஒரு மெக்கானிக், இருபத்தைந்து வயது இருக்கும், கையெல்லாம் கிரீஸ். பையன்களைப் பார்த்ததும் குரலை மாற்றிக் கொஞ்சவில்லை. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்வது போலச் சொன்னார். ஒரு டயரை உருட்டி வந்து நிறுத்தினார். பட்டன் எதுவும் இல்லாமல் வழவழவென்று இருந்தது. "இது மொட்டை டயர்ணா, தேஞ்சிடுச்சு" என்றான் எங்கள் பையன். "தேயல தம்பி, செய்யறப்பவே மொட்டைதான். காஞ்ச ரோட்டுல மொட்டை டயருக்குத்தான் பிடிப்பு ஜாஸ்தி. சூடேறணும், அப்பதான் ஒட்டிக்கிட்டு ஓடும்" என்றார். வரிசையில் கடைசியில் நின்ற ஐந்து வயசுப் பெண், முடி இன்னும் முளைக்காத தலை, கையை எடுத்துத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். பிறகு டயரில் வைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அந்த ஷெட்டில் இருந்த எல்லோரும் சிரித்தோம். அவளுடைய அம்மா மட்டும் திரும்பிக்கொண்டார்.

எங்களோடு பதினான்கு வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். எலும்புப் புற்றால் இடது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டிருந்தது. காலை முழுக்க வாய் திறக்காதவன், மெக்கானிக்கிடம் போய், "கிளட்ச் மிதிக்காம ரேஸ் கார் ஓட்ட முடியுமாண்ணா?" என்றான். அந்தக் கேள்வியை அவன் எத்தனை நாள் மனசில் வைத்திருந்தானோ. நானாக இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லி மழுப்பியிருப்பேன். அவர் போனை எடுத்து அலெக்ஸ் ஸனார்டியைக் காட்டினார். இத்தாலிக்காரர். 2001-ல் ஜெர்மனியில் நடந்த ரேஸில் இரண்டு கால்களும் போயின. 2003-ல் அதே டிராக்குக்குத் திரும்பி வந்து, கையால் இயக்கும்படி மாற்றிய காரில், அன்றைக்கு விட்டுப்போன 13 சுற்றுகளையும் ஓட்டி முடித்தார். பிறகு கார் ரேஸில் ஜெயித்தார். 2012 பாராலிம்பிக்கில் கையால் மிதிக்கும் சைக்கிளில் தங்கம் வாங்கினார், அதுவும் பிராண்ட்ஸ் ஹாட்ச் என்ற ரேஸ் டிராக்கில். "கிளட்ச் எல்லாம் ஸ்டியரிங்லயே வெச்சுடலாம் தம்பி. உனக்கு ஒரு கால் இருக்குல்ல, பிரேக்குக்கு அது போதும்." இப்படி ஒரு பதில் அவனுக்கு வார்டில் கிடைக்காது.

"விபத்து நடக்கிற இடத்துக்கா இந்தப் பிள்ளைகளை?" என்று இன்னொருவர் கேட்டார். ஆபத்து என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர ஒன்றும் இல்லை. பக்கத்துக் கட்டில் காலியாவதைப் பார்த்தவர்கள் அவர்கள். அமெரிக்காவில் பெட்டி குடும்பம் என்று நான்கு தலைமுறையாக கார் ரேஸ் ஓட்டிய குடும்பம். நான்காம் தலைமுறைப் பையன் ஆடம், 2000-ஆம் ஆண்டு மே மாதம் பயிற்சி ஓட்டத்தில் இறந்துபோனான், வயது 19. நோயுற்ற பிள்ளைகளுக்கு ஒரு முகாம் கட்ட வேண்டும் என்பது அவன் உயிரோடு இருந்தபோது சொன்ன ஆசை. அவனுடைய அப்பா கைலும் அம்மாவும் 2004-ல் வட கரோலினாவில் அதைத் திறந்தார்கள். பிள்ளைகளுக்குக் கட்டணமே கிடையாது. முகாம் முழுக்க ரேஸ் வாசனைதான். அங்குள்ள மருத்துவக் கூடத்துக்குப் பெயர் 'பாடி ஷாப்', அடிபட்ட காரை ஒடுக்கு எடுக்கிற பட்டறை. ஊசி போடப் போகிற இடத்துக்கு அப்படிப் பெயர் வைக்க, பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்குத்தான் தோன்றும்.

ரேஸ்காரர்களால் பிள்ளைகள் வார்டே திருந்திய கதையும் உண்டு. லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை. இதய அறுவை முடித்துக் களைத்துப்போன டாக்டர்கள் டிவியில் ரேஸ் பார்த்திருக்கிறார்கள். ஒரு கார் உள்ளே வருகிறது, இத்தனை பேர் சுற்றி நிற்கிறார்கள், கூச்சல் இல்லை, அவரவர் வேலை அவரவருக்குத் தெரிகிறது. நம்மிடமோ அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கும்போது ஏன் இத்தனை குழப்பம் என்று யோசித்து, ஃபெராரி ரேஸ் அணியிடமே போய்க் கேட்டார்கள். யார் தலைமை, யார் எந்த ஒயரைப் பிடிப்பது, யார் எப்போது பேசுவது என்று மாற்றி அமைத்தார்கள். 2007-ல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஓர் ஒப்படைப்புக்குச் சராசரியாக 5.42 ஆக இருந்த தொழில்நுட்பப் பிசகுகள் 3.15 ஆகக் குறைந்தன. அதனால் ரேஸ் என்பது பணக்காரர்களின் வெட்டி வேலை என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வராது. அந்தக் குழு பிள்ளைகளோடு கூடப் பிறந்தவர்களையும் அழைத்திருந்தது. எங்கள் வீட்டுச் சின்னவளுக்கு ஆறு வயது. நாலு வயதிலிருந்து பாட்டி வீட்டில்தான் வளர்கிறாள். அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா போய்விடுவாள், எப்போது வருவாள் என்று தெரியாது. ஒரு தடவை, "எனக்கும் கட்டி வந்தா அம்மா என் கூட இருப்பாளா அத்தை?" என்று கேட்டாள். அன்றைக்கு டிராக்கில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில், ஒரே மாதிரி கவசம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கார் வரும்போதும் ஒரே பக்கம் கழுத்தைத் திருப்பினார்கள். அவர்கள் அம்மா நடுவில். யார் நோயாளி என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியாது.

மருந்தின் தயவில் எங்கள் பையன் கால் இன்னும் கொஞ்சம் மடங்கும், நடந்தால் பெருவிரல் தரையில் தட்டும். அன்று பிட்டிலிருந்து பெஞ்சு வரை கையைப் பிடிக்க விடவில்லை. இரண்டு வாரம் கழித்து முதுகுத்தண்டில் ஊசி போட நாள். வழக்கமாகச் சுருண்டு படுத்துக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். இந்தத் தடவை டாக்டருக்கு டயர் பாடம். சூடேறினால்தான் ஒட்டும், மழை வந்தால் வேறு டயர், மஞ்சள் கொடி காட்டினால் முந்தக் கூடாது. வலித்தது, அழுதான், அழுகையோடே மீதியையும் சொன்னான்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு பஸ். ஸ்ரீபெரும்புதூரில் ஏறிய ஓர் அம்மா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் முகக் கவசத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "பையனுக்கு என்னம்மா?" நான் வாயைத் திறப்பதற்குள் இவன் ஜன்னல் பக்கம் கையை நீட்டினான்.

"பாட்டி, அங்க உள்ள ரேஸ் டிராக் இருக்கு. நான் போயிருக்கேன்."

அந்த அம்மா, "அப்படியா ராஜா, உள்ள என்ன இருக்கும்?" என்றார். பூந்தமல்லி வரை இவன் பேச்சை நிறுத்தவே இல்லை.