விபத்துதான் படத்தின் உயிர்

'பார்ட்டிகிள் ஃபீவர்' ஆவணப்படத்தின் உச்சம், ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துகளைக் கண்டுபிடித்துவிட்டதாக 2012 ஜூலை 4-இல் வந்த அறிவிப்புதான் என்கிறது அந்தப் படத்தைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. அந்தத் துகளை முன்கணித்த இயற்பியலாளர் பீட்டர் ஹிக்ஸ் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் இடம் யாரையும் உலுக்கும், சரி. ஆனால் எனக்கு நெஞ்சில் நின்றது 2008 செப்டம்பர்தான். 10-ஆம் தேதி, செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வு மையத்தின் 27 கிலோமீட்டர் முடுக்கி வளையத்தை புரோட்டான் கற்றை முதன்முறையாகச் சுற்றிவருகிறது, ஒரே கைதட்டல். ஒன்பதே நாளில் இரு காந்தங்களுக்கு இடையே ஒரு மின் இணைப்பு பழுதாகி, காந்தங்களைக் குளிர்விக்கும் ஹீலியம் டன் கணக்கில் கசிந்துவிடுகிறது. அத்தனை பெரிய இயந்திரத்தை ஓராண்டுக்கும் மேல் படுக்கவைத்தது சரியாகப் பற்றவைக்காத ஓர் இணைப்பு! சோதனைக்காரர்களின் பொறுமை என்னவென்று அங்கேதான் புரிகிறது.

கோட்பாட்டாளர்கள் பாடு வேறு மாதிரி. ஹிக்ஸ் துகளின் நிறை 115 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) பக்கம் வந்தால் மீச்சீர்மை, அதாவது ஒவ்வொரு துகளுக்கும் ஓர் இணைத்துகள் உண்டு என்ற கோட்பாடு; 140 பக்கம் வந்தால் நம் அண்டம் பல அண்டங்களில் ஒன்று என்ற கோட்பாடு என்று காத்திருந்தார்கள். வந்ததோ சுமார் 125. இரண்டு கட்சிக்கும் வெற்றியில்லை, பாவம்.

அப்புறம் ஒரு குறை. அதே ஹிக்ஸ் துகளைத் தனியாகத் தேடிக் கண்டுபிடித்த, அதே வளையத்தின் இன்னொரு சோதனைக் குழுவான சிஎம்எஸ் படத்தில் ஓரமாக வந்துபோகிறது. கேமரா முழுக்க அட்லாஸ் என்ற மற்றொரு சோதனைக் குழுவின் பக்கமே.