புதைத்ததும் நான்தான், எடுத்ததும் நான்தான்

நேற்று காசு சேர்ப்பவர்களுக்கான நம் ஆன்லைன் குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்னுரை தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியவான்கள். மெட்டல் டிடெக்டரைச் சோதித்து நான் போட்ட வீடியோவிலிருந்து ஒரு படத்தை மட்டும் வெட்டி எடுத்து, மேலே "தொல்லியல் திருடர்கள் ஜாக்கிரதை" என்று எழுதி, சாயங்காலத்துக்குள் என்னைப் புதையல் திருடனாக்கிவிட்டார்கள். "இரிடியம் பார்ட்டியா சார்?" என்று ஒருவர். "பூதத்துக்கு என்ன பலி கொடுத்தீங்க?" என்று இன்னொருவர். அதற்கு வரிசையாகச் சிரிப்பு பொம்மைகள்.

சொல்ல வேண்டியது ஒன்றுதான். புதைத்ததும் நான்தான், எடுத்ததும் நான்தான். வீடியோவின் ஆரம்பத்திலேயே நான் குழி தோண்டிக் காசைப் போட்டு மூடுவது தெரியும். அந்தப் பகுதியை மட்டும் அவ்வளவு கவனமாக விட்டுவிட்டார்கள்.

செகண்ட் ஹேண்டில் மெட்டல் டிடெக்டர் வாங்கினால் வேறு எப்படித்தான் சோதிப்பது? மஞ்சள் நிற காரெட் ஏஸ் 250. பேட்டரி போடும் இடத்தில் பச்சை பூத்திருந்தது, சுரண்டித் துடைத்தேன். கீழே உலோகத்தை உணரும் வட்டமான காயிலுக்குப் போகிற ஒயர் தொளதொளவென்று ஆடியது. அது ஆடினால் ஒன்றுமே இல்லாத இடத்திலும் மெஷின் கத்தும். தண்டோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிய பிறகுதான் அடங்கியது. காசைக் கையில் பிடித்துக் காட்டினால் எந்த மெஷினும் சத்தம் போடும். மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் கிடந்தால் போடுகிறதா என்பதுதான் விஷயம். அதற்காக எங்கள் தென்னந்தோப்பில், மோட்டார் ரூம் பக்கத்தில், ஒரு ஓட்டைக் காலணாவையும் இன்றைய ஒரு ரூபாயையும் தள்ளித் தள்ளிப் புதைத்தேன்.

காலணாவுக்குக் கணீரென்று மணி அடித்தது. ரூபாய்க்கு, இரும்புக்கு வருகிற அதே உறுமல். இப்போதைய ரூபாய் காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மெஷினுக்கு அதுவும் துருப்பிடித்த ஆணியும் ஒன்றுதான். இதைக் காட்டத்தான் வீடியோ போட்டேன். காசு சேர்ப்பவர்கள் ரசிப்பார்கள் என்று நினைத்தேன். நன்றாகவே ரசித்தார்கள்.

அந்தக் காலணாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க, நடுவில் துளை விட்டு 1943-லிருந்து 1947 வரை அடித்த காசு. அப்பா குழந்தையாக இருந்தபோது அவருடைய அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டியிருந்தது. நான் காசு சேர்க்க ஆரம்பித்ததே அதிலிருந்துதான். துளையின் ஓரம் கயிறு பட்டுப் பட்டு ஒரு பக்கம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கும். அதன் படத்துக்குக் கீழேதான் ஒரு பெரிய மனிதர் கேட்கிறார், "எந்தக் கோயில் நிலத்துல சுட்டது?" என்று.

தோப்பில் வேறு எதுவும் எடுக்கவில்லையா என்பார்கள். எடுத்தேன். பீர் மூடி, மாட்டு லாடத்தில் பாதி, மோட்டாருக்குக் காயில் கட்டியவர் வெட்டிப் போட்ட செம்புக் கம்பி. இந்தக் கம்பிதான் பெரிய ஏமாற்று, காசு மாதிரியே மணி அடிக்கும். தொல்லியல் துறை கேட்டால் எல்லாவற்றையும் ஒப்படைக்கத் தயார்.

அடுத்து, "சட்டம் தெரியுமா?" தெரியும் ஐயா. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம். மண்ணுக்குள் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். என் காலணா இன்றைக்கு அதற்கு மேலேயே போகும். ஆனால் புதைத்தவன் யார் என்று கலெக்டர் கேட்டால் கையைத் தூக்க நான் இருக்கிறேனே! புதைத்ததும் நான்தான், எடுத்ததும் நான்தான். இன்னும் எத்தனை தடவை சொல்ல?

தொல்லியல் படித்த நண்பர் ஒருவர் மட்டும் மரியாதையாகப் பேசினார். காசு கிடந்த மண்ணடுக்கும் கூடக் கிடந்த பானை ஓடும்தான் அதற்குக் காலம் சொல்லும், பிடுங்கி எடுத்துவிட்டால் அது வெறும் உலோகம் என்றார். நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் அகழாய்வு நடந்த கீழடி, கொடுமணல் பக்கமெல்லாம் மெஷினோடு தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஆனால் இதே பாடத்தைக் குழுவில் எனக்கு நடத்துபவர்கள் யார்? கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்தது என்று பெருமையாக ஆல்பத்தைப் பிரித்துக் காட்டுபவர்கள். மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளால் கரூருக்கு எவ்வளவு பெருமை என்று நமக்குத் தெரியும். அந்த ஆற்று மணலைச் சல்லடை போட்டுச் சலித்தவர் எந்த அடுக்கை நோட்டில் குறித்து வைத்தார்? கலெக்டருக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள்? காசு கொடுத்து வாங்கினால் சேகரிப்பு, சொந்தத் தோப்பில் சொந்தக் காசைத் தோண்டினால் திருட்டு. நல்ல நியாயம்!

இங்கிலாந்தைச் சொன்னால் கோபம் வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன். 1992-இல் சஃபோக் பக்கம் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிப் போன மனிதரின் மெஷினில் ரோமானியர் காலப் புதையல் சிக்கியது. அவர் முழுசாகத் தோண்டாமல் நிறுத்தித் தகவல் கொடுத்தார். மீதியைத் தொல்லியலாளர்கள் முறையாக எடுத்தார்கள். பதினாலாயிரத்துக்கும் மேல் காசுகள். அந்தச் சுத்தியலும் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. "அங்கே சட்டம் வேறு" என்பீர்கள். வேறுதான். அங்கே கிடைத்ததைக் கொண்டுபோய்க் காட்டினால் பதிவு செய்துகொள்ள அதிகாரிகள் இருக்கிறார்கள். இங்கே ஸ்க்ரீன்ஷாட் எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

அட்மின் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நாணயக் கண்காட்சிக்கு வந்தபோதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் தோப்பு இளநீரையும் குடித்திருக்கிறீர்கள். "என்னப்பா இது?" என்று ஒரு போன் போட்டிருக்கலாம். அது போகட்டும். குழுவை விட்டு நானாக வெளியேற மாட்டேன். நீக்குவதென்றால் நீங்களே நீக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பொதுவெளியில் திருடன் என்று எழுதிவிட்டு ராத்திரி இன்பாக்ஸில் வந்து "எவ்வளவு ஆழம் போகும் ப்ரோ, என்ன விலைக்குத் தருவீங்க?" என்று கேட்ட இருவருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு சாண் போகும். விற்பதாக இல்லை.