ஐரிஸைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

ஃபின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி 1990இல் எடுத்த ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ படத்தைச் சென்ற வாரம் ஒரு திரையிடலில் மூன்றாம் முறையாகப் பார்த்தேன். வீடு திரும்பி நான்கு நாள்கள் ஆகியும் மனம் ஆறவில்லை. அரங்கில் எழுந்த சிரிப்பும், அதற்குப் பின் நடந்த உரையாடலில் கேட்ட பேச்சும் என்னை அந்த அளவுக்குக் காயப்படுத்தின.

சிரிக்கக் கூடாத படம் என்று நான் சொல்லவில்லை. அது கறுப்பு நகைச்சுவைதான். பெருங்கொடுமையைக்கூட முகத்தைச் சுளிக்காமல் காட்டும் அங்கதம்தான். ஆனால் அந்த அங்கதம் யாரைக் குத்துகிறது என்பதைக்கூடப் பார்க்காமல், தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஐரிஸ் என்கிற பெண் டிராமில் உட்கார்ந்து காதல் நாவல் படிக்கும்போது ஒரு சிரிப்பு, நடன அரங்கின் சுவரோரம் வரிசையாக அமர்ந்திருக்கும் பெண்கள் ஒவ்வொருவராக ஆட அழைக்கப்பட்டு எழுந்துபோக, அவள் மட்டும் தனித்து விடப்பட்டுக் குடித்து முடித்த பானப் புட்டியைக் காலடியில் வைக்கும்போது இன்னொரு சிரிப்பு என்று அரங்கம் குலுங்கியது. மேடையில் ஒருவர் பாடும் டேங்கோ என்ற நடனப் பாட்டு, கடலுக்கு அப்பால் இருக்கும் இன்ப நாட்டைப் பற்றியது. ஃபின்லாந்தில் அறியாதவர் இல்லாத பாட்டு அது. ஒரு தேசமே சேர்ந்து ஏங்கினால் அது மரபு. சம்பளக் கவருடன் வந்த ஒரு பெண் அதே ஏக்கத்தோடு உட்கார்ந்திருந்தால் கேலிக்குரியதா?

உரையாடலில் முதலில் எழுந்தவர் நன்கு படித்தவர். “மலிவான நாவல்களைப் படித்து மனத்தைக் கெடுத்துக்கொண்டதால்தான் அவள் ஏமாந்தாள்” என்றார். பலர் தலையாட்டினார்கள். ஐயா, அவள் ஏமாந்தது எதில்? தன் உழைப்பில் வந்த கூலியிலிருந்து பூப்போட்ட ஓர் உடை வாங்கினாள். அதற்கு வளர்ப்புத் தந்தை கன்னத்தில் அறைந்து, வாயில் வரக்கூடாத வார்த்தையால் ஏசினான். பெற்ற தாய் உடையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னாள். அந்த உடையை உடுத்திக்கொண்டு போனவளைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றவன், விடிந்ததும் மேசையில் பணத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போனான். அவள் விலைமகள் என்று அவன் நினைத்ததற்கும் அவள் படித்த நாவலுக்கும் என்ன தொடர்பு? கருவுற்றிருப்பதை அவள் நம்பிக்கையோடு கடிதம் எழுதித் தெரிவித்தபோது, குழந்தையை ஒழித்துவிடு என்ற ஒற்றை வரியையும் ஒரு காசோலையையும் அனுப்பினானே, அவன் எந்த நாவலைப் படித்துக் கெட்டான்? அவள் கேட்டதெல்லாம் ஒரு நடனம், ஓர் உடை, ஒரு கடிதத்துக்கு மனிதத்தனமான ஒரு பதில். இதற்குப் பெயர் பகற்கனவு என்றால், நாம் அன்றாடம் கேட்டுப் பெறும் எல்லாவற்றுக்கும் அதே பெயரைத்தான் வைக்க வேண்டும்.

என் ஆத்திரம் ஒரு படத்தோடு முடிந்துவிடுவதும் அல்ல. இந்தச் சிரிப்பை நான் சிறு வயது முதல் கேட்டுவருகிறேன். என் சித்தி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவர். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீசுதான். குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் விரல்நுனி தேய்ந்துபோன அவர், மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பதற்காக மாத நாவல் ஒன்றைத் தூக்குவாளிப் பையின் அடியில் மடித்து வைத்திருப்பார். ஒரு புத்தகம் பத்துப் பன்னிரண்டு பேர் கைமாறி, அட்டை கிழிந்து திரும்பி வரும். அதைப் பார்த்துவிட்டால் போதும், வீட்டு ஆண்கள் ஆளுக்கொரு பேச்சுப் பேசுவார்கள். “கஞ்சிக்கு வழியில்ல, காதல் கேக்குதோ?” என்று மாமா ஒருமுறை அத்தனை பேர் முன்னால் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. அதே மாமா, தன் நாயகனின் படம் வெளியாகும் நாளில் கூலியை விட்டுவிட்டு, கட்டவுட்டுக்குப் பால் ஊற்றப் போவார். அதை யாரும் கனவு என்று சொல்லவில்லை. இன்று என் அலுவலகத்தில் தரை துடைக்கும் அக்கா, காதில் செருகிய கருவியில் தொடர்கதை கேட்டுக்கொண்டே வேலை செய்கிறார். அவரைக் கடந்து போகிறவர்களின் உதட்டில் அன்றாடம் அதே இளக்காரம். ஆங்கிலத்தில் அதே வகைக் கதையைப் படிக்கும் மேலதிகாரிக்கு மட்டும் அது பொழுதுபோக்கு.

கௌரிஸ்மாகி இந்த இளக்காரத்தைச் செய்யவே இல்லை. படத்தின் தொடக்கத்தைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பெருமரம் ஒன்று எந்திரத்தில் உரிபட்டு, தகடாகி, குச்சியாகி, பெட்டியில் அடைபடும் வரை மனித முகமே வருவதில்லை. அதன் பிறகு ஒரு கை, அதன் பிறகுதான் முகம். பெட்டிகளின் மேல் ஒட்டிய தாள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே அவளுடைய நாள். வீட்டில் அவளுடன் பேச ஆளில்லை. தொலைக்காட்சி மட்டும், சீனாவில் 1989இல் மாணவர் போராட்டத்தை ஒடுக்க வந்த தியனன்மென் சதுக்கத்து டாங்கிகளைக் காட்டிக்கொண்டிருக்கிறது. கதி ஔட்டினன் அந்தப் பெண்ணாக ஏறக்குறைய பேச்சே இல்லாமல் நடித்திருக்கிறார். எழுபது நிமிடத்துக்கும் குறைவான படத்தில் இத்தனையையும் காட்டிய பிறகு, இறுதியில் அவள் எலிமருந்து வாங்கும் இடத்திலாவது அரங்கம் அமைதியாகும் என்று நினைத்தேன். அங்கேதான் கைதட்டினார்கள். அவள் ஏங்கியபோது சிரித்தவர்கள், அவள் கொல்லத் துணிந்தபோது பாராட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், மடிக்கணினியில் அந்தப் படத்தைச் சித்திக்குப் போட்டுக் காட்டினேன். மொழி புரியாததால் நான் பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன். சொல்வதற்கு அதிகம் இருக்கவும் இல்லை. எந்திரம் ஓடிய முதல் காட்சிகளில் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். உடைக்காக அறை விழுந்த இடத்தில் தன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். ஒரு முறைகூடச் சிரிக்கவில்லை. படம் முடிந்த பிறகு வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளை படிச்சுக்கிட்டே இருந்துச்சே ஒரு புஸ்தகம், அது என்ன கதைன்னு தெரியுமா?” என்று கேட்டார். அன்று அரங்கில் அத்தனை பேசியவர்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. ஆஞ்செலிக் என்று ஒரு பெண், பிரான்சில் முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் நடக்கிற கதை, ரொம்பக் கஷ்டப்படுவாள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“கடைசியில அவளாவது நல்லா இருந்தாளா?” என்றார் சித்தி.